மாசிபியாவின் ஐம்பத்திரண்டாயிரத்து எண்ணூறு ராண்ட்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. 'குடும்பங்களிடையே கடன் அட்டைப் பாக்கி: அண்மைப் போக்குகள்' என்று ஒரு பத்திரிகையில் கட்டுரை கேட்டார்கள். ஆயிரத்தைந்நூறு வார்த்தை, ஒரு வரைபடம், கடைசியில் மூன்று யோசனை. தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் கடன் ஆலோசனை அலுவலகம் ஒன்றில் பதினெட்டு வருஷமாகப் படிவம் நிரப்புகிறவன் நான். என்னைவிட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு பத்தி எழுதினேன். 'முன்பு சோபாவுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் அட்டையைத் தேய்த்தவர்கள் இன்று சோள மாவுக்கும் சோப்புக்கும் தேய்க்கிறார்கள். சோபாவாவது பத்து வருஷம் இருக்கும். மாவு மாதக் கடைசிக்குள் தீர்ந்துவிடும். அதற்கான வட்டி மட்டும் தீராது.' இதற்கு மேல் பேனா நகரவில்லை. ஏனென்றால் அந்த மாவைத் தின்ற பெண் என் மேசைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

அவளை மாசிபியா என்று வைத்துக்கொள்கிறேன். கல்யாணமான பெண்ணை அவள் அப்பன் வீட்டுப் பெயரோடு 'மா' சேர்த்துக் கூப்பிடுவதுதான் இங்கே மரியாதை. அவள் அப்பன் வீட்டுப் பெயர் சிபியா இல்லை. தேடிக்கொண்டு வராதீர்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

'டிசம்பர் வெயில் இம்பாலியின் தகரக் கூரைகளின் மேல் உருகிய...'

சீ. வெயிலில் ஆரம்பிக்கிறவனிடம் சொல்ல விஷயம் இல்லை என்று அர்த்தம்.

இரண்டாவது முயற்சி:

'மாசிபியா ஆடம்பரக்காரி. வரவுக்கு மேல் செலவு செய்து...'

இப்படி எழுதினால் படிக்கிறவர்களுக்கு நிம்மதி. 'நமக்கு இது வராது' என்று புரட்டிவிட்டுப் போகலாம். ஆனால் பொய். அவள் அரசு மருத்துவமனையில் நர்ஸ். அவள் அட்டையின் மூன்று வருஷக் கணக்குத் தாள்களை வரிவரியாகப் படித்தவன் நான். முதல் வருஷம் தம்பியின் சாவு: பந்தல், வெட்டுவதற்கு ஒரு மாடு, வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. அடுத்த வருஷம் அவனுக்குக் கல்லறைக் கல். கல் நாட்டாமல் விட்டால் ஊர் காறித் துப்பும். பிறகு மகளுக்குக் கல்லூரிக் கட்டணம். மூன்றாம் வருஷம் முழுக்க ரொட்டி, மாவு, எண்ணெய், பஸ் காசு. ஆடம்பரம் என்று தேடினால் ஒரே ஒரு ஜோடி செருப்பு. அதுவும் பன்னிரண்டு மணி நேரம் வார்டில் நிற்கிறவளுக்கு.

(குறிப்பு: செருப்பின் விலையை எழுதினேன், அடித்துவிட்டேன். விலை தெரிந்தால் நீங்கள் நியாயம் பேச ஆரம்பித்துவிடுவீர்கள்.)

3

சரி, கதை.

எங்கள் நகரத்தின் ஓரத்தில் உள்ள இம்பாலியில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு ஸ்டோக்வெல் நடத்தினார்கள். நம் சீட்டு மாதிரிதான். ஏலமும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. ஆளுக்கு மாதம் நானூறு ராண்ட், ஜனவரி முதல் நவம்பர் வரை. டிசம்பர் முதல் சனிக்கிழமை ஒரே மாதிரி தலைத்துணி கட்டிக்கொண்டு, மொத்த விற்பனைக் கடைக்குள் பாடிக்கொண்டே போய், மாவும் அரிசியும் எண்ணெயும் சீனியும் வாங்கிப் பங்கு பிரிப்பார்கள். சில வீடுகளில் ஜனவரி கடைசி வரைக்கும் அந்தப் பங்குதான் சோறு.

பணம் சங்கத்தின் பெயரில் வங்கியில் இருந்தது. மூன்று பேர் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே வரும். அந்தக் கணக்குக்கு அட்டை கிடையாது. நவம்பர் கூட்டத்தில் தலைவி மாந்துலி பேச்சை ஆரம்பித்தாள். டாக்ஸி ஸ்டாண்டில் மாவுருண்டை பொரித்து விற்கிறவள் அவள்.

"போன வருஷம் மேல்தெருக்காரிங்க பேங்க் வாசல்லயே மொத்தப் பணத்தையும் பறிகுடுத்தாளுங்களே, மறந்துட்டீங்களா? என் சித்தி மக கால்ல குண்டு. இன்னும் நொண்டுறா. நான் பையில பணம் தூக்க மாட்டேன், ஆமா."

"பின்ன யாரு தூக்குவா? உன் எண்ணெச் சட்டியா?" என்றாள் மாசோண்டி. அவள் வாய்க்கு எதிரே நிற்க ஊரில் ஆளில்லை.

"தூக்கவே வேணாம்டி. யாரு கணக்குக்காவது மாத்திவிட்டா, அவ கடையில கார்டைத் தேச்சிட்டுப் போறா. கார்டு வச்சிருக்கிறவ யாரு?"

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

"நம்ம நர்ஸ் இருக்காளே! தங்கக் கலர் கார்டு! சாவு வீட்டுல பந்தக்காரனுக்கு டக்குன்னு நீட்டினாளே, நான் பாத்தேன்," என்றாள் ஒருத்தி.

இந்த இடத்தில் மாசிபியா 'என் கார்டு செத்துப்போச்சு அக்கா' என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆகஸ்டிலேயே ஒரு கடையில் அட்டை ஏறவில்லை. 'லைன் இல்ல போல' என்று சிரித்துக்கொண்டே ரொட்டியைத் திரும்ப வைத்துவிட்டு வந்தாள். நாலு மாதத் தவணை பாக்கி. வசூல்காரர்கள் ஒரு நாளைக்கு ஒன்பது தடவை கூப்பிட, அந்த எண்களையே தடுத்துவிட்டாள். கடிதங்கள் அலமாரி மேலே குவிந்தன.

சம்பளக் கணக்கின் எண்ணைக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ('ஐயா' என்பதற்கு இங்கே 'பாபா' என்பார்கள்.)

"அதுல போட்டா காப்பீட்டுக்காரன், கட்டில் கடைக்காரன், எல்லாவனும் ஒண்ணாந்தேதி தானா எடுத்துக்கிறான் பாபா. கார்டுக் கணக்குல யாரும் கை வைக்க முடியாது, நான்தானே அதுல கட்டுறேன்? முன்னெல்லாம் பணம் போட்டா உடனே உயிர் வந்துரும். அந்த நெனப்புதான்."

அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான். பணம் வரும், அட்டை எழுந்து உட்காரும், கடையில் தேய்ப்பாள், யாருக்கும் எதுவும் தெரியாது. பன்னிரண்டு பேரின் பதினொரு மாதம், ஐம்பத்திரண்டாயிரத்து எண்ணூறு ராண்ட், ஒரு வெள்ளிக்கிழமை காலை அவள் அட்டைக் கணக்குக்குள் போனது.

4

கடைக் காட்சியை நான்கு தடவை எழுதினேன். ஒரு தடவை கல்லாப்பெட்டி அம்மாள் அட்டையைத் தேய்த்ததும் இயந்திரம் சீட்டைத் துப்பியது, எல்லோரும் குலவையிட்டார்கள், வண்டியில் மூட்டை ஏறியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிழித்துப் போட்டேன். எழுதுகிறவன் கையில் இயந்திரம் இருந்தால் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் சோறு போடலாம்.

நடந்தது இது. எட்டுத் தள்ளுவண்டி நிறையச் சாமான். இருபத்துநாலு மாவு மூட்டை. மாசோண்டி நடுவில் நின்று இடுப்பை ஆட்டிப் பாட, மற்றவர்கள் கை தட்டினார்கள்.

"மா, ஏறல," என்றாள் கல்லாப்பெட்டிப் பெண்.

"இன்னொரு வாட்டி போடும்மா."

"ஏறல மா."

"துடைச்சிட்டுப் போடு. வேர்வையா இருக்கும்."

மூன்றாம் தடவைக்குப் பாட்டு நின்றுவிட்டது. மாசிபியா அங்கேயே நின்று வங்கிக்குப் போன் போட்டாள். அவசரத்தில் ஸ்பீக்கர் பொத்தானில் விரல் பட்டுவிட்டது. பதினொரு பெண்களும் கேட்டார்கள்.

"பணம் வந்துடுச்சு அம்மா. உங்க பாக்கியில கழிச்சாச்சு. கணக்கு அக்டோபர்லயே மூடியாச்சே, இனிமே தேய்க்க முடியாது."

"அது என் பணம் இல்லங்க!"

"உங்க கணக்குல வந்தது உங்க பணம்தானே அம்மா? வேற ஏதாவது உதவி வேணுமா?"

கடை மேலாளர் வந்து, "எடுத்த இடத்துலயே வச்சிட்டுப் போங்க மா, டிசம்பர் கூட்டம்," என்றார். பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி தலைத்துணியோடு, மூட்டை மூட்டையாகத் திரும்ப அடுக்கினார்கள். அதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. வாசலுக்கு வந்த பிறகுதான் மாசோண்டி வாயைத் திறந்தாள்.

"எங்க புள்ளைங்க சோத்தை ஊத்தி உன் கடனைக் கழுவிக்கிட்டியேடி, பாவி. நல்லா இருப்பியா நீ?"

5

(கட்டுரைக்கு உரிய பகுதி.)

செவ்வாய்க்கிழமை மாசிபியாவுக்கு வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. உங்கள் பாக்கி ஆயிரத்து நூற்று நாற்பது ராண்ட் மட்டுமே, பொறுப்பான வாடிக்கையாளருக்கு நன்றி என்றது.

என் வரைபடத்தில் இது எப்படித் தெரியும் தெரியுமா? கோடு இறங்கும். 'ஆண்டின் கடைசிக் காலாண்டில் குடும்பங்கள் பாக்கியைத் திருப்பிச் செலுத்துவதில் முன்னேற்றம்' என்று அதன் கீழே எழுத வேண்டும். பதினெட்டு வருஷமாக இப்படி இறங்கிய கோடுகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். எத்தனை இறக்கத்துக்கு அடியில் யார் வீட்டு மாவு கிடந்ததோ. தூ.

6

இப்போது எனக்கே ஒரு சந்தேகம். என் பாத்திரத்தின் மேல்தான்.

அலமாரி மேலே இருந்த கடிதங்களை ஒரு பையில் கொண்டுவந்து கொட்டினாள். பதினாலு உறை. பதிமூன்று பிரிக்காதவை. ஒன்று மட்டும் ஓரம் கிழிந்திருந்தது. அக்டோபர்க் கடிதம். 'கணக்கு மூடப்பட்டது, இனி வரும் எந்தத் தொகையும் பாக்கியில் வரவு வைக்கப்படும்' என்று இரண்டாம் பத்தியில் பளிச்சென்று போட்டிருந்தது.

"இதைப் படிச்சீங்களா?"

"மக பிரிச்சிருப்பா."

"நீங்க படிச்சீங்களா மா?"

"மேல ரெண்டு வரி பாத்தேன் பாபா. அப்புறம் டூட்டிக்கு நேரமாயிருச்சு."

இரண்டாம் பத்திக்குக் கண் போனதா இல்லையா? எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பீர்கள். தெரியவில்லை. கடன் கழுத்தை நெரிக்கும்போது மனசுக்குள் ஒரு மூலை, 'இதுல விழுந்தா தீந்துரும்' என்று மெல்லச் சொல்லியிருக்குமோ? அவள் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்திருப்பாளோ? இப்படி எழுதும்போதே எனக்கு என்மேல் வெறுப்பாக இருக்கிறது. அவள் பங்கு நாலாயிரத்து நானூறும் அதில்தான் போனது.

முடிவுகள் சிலவற்றை யோசித்து வைத்தேன். மகள் வேலைக்குப் போய் எல்லாவற்றையும் அடைக்கிறாள் (அவளுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி). வங்கி மேலாளர் மனம் இரங்கி... இல்லை, நான் வங்கியைப் பற்றி எழுதுகிறேன், கோயிலைப் பற்றி அல்ல.

7

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வங்கி எழுதி அனுப்பியது. (என் கதையில் வரும் வங்கியின் விதி இது, வேறெங்கும் தேடாதீர்கள்.) பணம் மற்றவர்களுடையது என்றும், கணக்கு மூடியது தெரிந்தேதான் அதில் வாங்கினேன் என்றும் மாசிபியா சத்தியக் கடுதாசி கொடுத்தால், பணம் சங்கத்துக்குத் திரும்பும்; கடுதாசியின் நகல் போலீசுக்குப் போகும். தெரியாமல் நடந்தது என்றால் அது வாடிக்கையாளரின் தவறு. தவறுக்கு வங்கி பொறுப்பல்ல. பணம் திரும்பாது. கடைசி நாள் டிசம்பர் இருபத்திரண்டு, பகல் பன்னிரண்டு மணி.

மாசிபியா, மாந்துலி, மாசோண்டி மூன்று பேரும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள்.

"தெரிஞ்சேதான் செஞ்சேன்னு எழுதினா இவ வேலை போயிரும். ஜெயிலு," என்றாள் மாந்துலி. "இவ மக படிப்பு நடுத்தெருவுல நிக்கும். மாசாமாசம் சம்பளத்துல இவ நமக்குக் கட்டட்டும்டி."

"எத்தனை வருஷம்? ஏற்கெனவே அந்தச் சம்பளத்துல பத்துப் பேரு வாய் வச்சிருக்கான், நான் பதினோராவதா?" என்றாள் மாசோண்டி. "என் வீட்டுல ஆறு வாயி. டிசம்பர்ல என்னத்தத் திங்கும்? இவ மானத்தையா?" சொல்லிவிட்டு அவளே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இருபது வருஷத் தோழிகள் அவர்கள். மாசோண்டியின் கடைசிப் பிள்ளை பிறந்தபோது தொப்புள் கொடியை நறுக்கியவளே மாசிபியாதான்.

நான் இரண்டு கடுதாசியும் தட்டச்சு செய்து வைத்தேன். 'தெரிந்தே செய்தேன்' ஒன்று. 'தெரியாமல் செய்தேன்' ஒன்று. வீட்டுக்கு எடுத்துப் போய் யோசியுங்கள் என்றேன்.

பதிமூன்றாம் தேதி காலை மாசிபியா தனியாக வந்தாள். இரண்டையும் மேசைமேல் வைத்தாள். இரண்டிலும் கையெழுத்து.

"என்ன மா இது?"

"காலையில எந்திரிச்சா தெரியாமத்தான் செஞ்சேன்னு தோணுது. சத்தியமா தோணுது. சாயங்காலம் துணி துவைக்கிறப்போ, 'தெரிஞ்சேதானடி செஞ்சே'ன்னு நானே என்னைக் கேக்குறேன். எனக்கு இனிமே யோசிக்கத் தெம்பு இல்ல பாபா. நீங்கதானே எழுதுறவரு. எது நல்லா இருக்குன்னு பாத்துப் போடுங்க."

நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டு டூட்டிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள். நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? இந்தக் கதையை எழுதினேன். எழுதினால் எது உண்மை என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதும் பொய்தான். எழுதிக்கொண்டிருக்கும் வரை வங்கிக்குப் போக வேண்டாம் அல்லவா?

இன்று இருபத்திரண்டு. மணி பதினொன்று நாற்பது. வங்கி மூன்று தெரு தள்ளி. தாள்கள் இரண்டும் உங்கள் முன்னால் இருக்கின்றன. ஒன்றை எடுத்தால் ஒரு வீடு போகும், மற்றதை எடுத்தால் பதினொரு வீடு பட்டினி. கணக்குத் தெரிந்தவர்கள் இதற்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர் நீங்கள் என்றால் சீக்கிரம் எடுங்கள். ஆனால் எடுப்பதற்கு முன்னால் அவள் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். வார்டில் இருக்கிறாள், கூப்பிட்டால் வருவாள். நான் கூப்பிடவில்லை.