இல்லாத பூனை

சொட்டிக்கொண்டே இருக்கின்றன, கடலூரில் எங்கள் தெருவின் கொடிக்கயிறுகளில் காதைப் பிடித்துத் தூக்கிய முயல்களைப் போல நாவல்கள் தொங்குகின்றன, வெள்ளம் வடிந்த மறுநாள், எனக்குப் பதினொரு வயது, மரைக்காயரின் வாடகை நூலகத்தில் நனைந்துபோன புத்தகங்களை, வீடுவீடாகத் துணிக் கிளிப் கேட்டு வாங்கி நானே மாட்டினேன், யாரோ எங்கோ எழுதிய பனி எங்கள் ஊர் வெயிலில் சொட்டுச் சொட்டாக விழுந்தது, பக்கம் பக்கமாகப் பிரித்து ஊதினேன், இதை யாருக்கும் சொன்னதில்லை, ஜெனிட்டாவைத் தவிர.

சென்னையில், விடுதி மொட்டை மாடியில், துணி காயப்போடும்போது சொன்னேன், இரண்டு வருடமாக என் அறைத்தோழி, ஒரே பள்ளியின் நூலகர் வேலைக்கு இருவரும் மனுப் போட்டிருந்தோம், இருந்தது ஒரே இடம், இன்டர்வியூல உன்னப் பத்திச் சொல்லுன்னு கேட்டா என்ன சொல்லுவே என்றாள், இதைத்தான் என்றேன், அவள் சட்டையைப் பிழிவதை நிறுத்திவிட்டு, ஏட்டி, உனக்குச் சொல்ல எவ்வளவு இருக்கு, நான் தூத்துக்குடில பிறந்தேன், படிச்சேன், அவ்வளவுதான் என்று சிரித்தாள், பாவமாக இருந்தது, இன்னொருக்கா சொல்லேன் என்றபோது இன்னும் விரித்துச் சொன்னேன், இருப்பவளின் கர்வத்தோடு.

நேர்காணலுக்கு அவளை முதலில் கூப்பிடுகிறார்கள், என் நீலத் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு போகிறாள், மூடிய கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம், நேர்காணலில் யாராவது அப்படிச் சிரிப்பார்களா, வெளியே வந்தவள் என் கண்ணைப் பார்க்காமல் கையை அழுத்தி, உன்னமாதிரியே பேசிட்டேன்ட்டி என்கிறாள், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, உள்ளே போய் வெள்ளம், நாவல்கள், கிளிப்புகள் என்று நான் ஆரம்பித்ததும் மேசைக்குப் பின்னால் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள், தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி, ஏம்மா, ரெண்டு பேரும் ஒரே ஹாஸ்டலா என்கிறார், ஆமா மேடம், ஆனா இது என்னோட, என்று இழுக்கிறேன், ஓரத்தில் இருந்தவர் பரிவாகவே கேட்கிறார், சரிம்மா, அப்ப அந்தப் பூனைக்கு என்ன பேர் வச்சீங்க, எந்தப் பூனை சார் என்றேன், அவர் பேனாவை மூடினார்.

வேலை அவளுக்கு. அறையில் பெட்டியை அடுக்கிக்கொண்டே அழுதாள், பூனை எங்கேருந்து வந்துச்சு என்று மட்டும் கேட்டேன், தெரியலட்டி, சொல்லிட்டு வரும்போதே அதுவா வந்துட்டு, நனைஞ்ச புக்குக்கு நடுவுல குட்டியா, பிழிஞ்ச துணி கணக்கா, அதையும் கிளிப் மாட்டிக் காயப்போடப் பாத்தேன்னு சொன்னேன், சிரிச்சுட்டாங்க, உனக்கு நூறு கதை இருக்குல்லா, எனக்கு இது ஒண்ணுதான், என்றாள், என் வெள்ளத்தை எடுத்துக்கொண்டதைக்கூட என்றாவது மன்னித்துவிடுவேன், அலமாரி நிறைய உலகத்து நாவல்களை அடுக்கி வைத்திருக்கும் எனக்கு அந்தப் பூனை ஏன் தோன்றவில்லை, ஒரு புத்தகத்தைக்கூட முடிக்காதவளுக்கு அது ஏன் வந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போதும் சொட்டிக்கொண்டுதான் இருக்கின்றன, நாவல்கள் தொங்கும் கொடியின் கடைசியில் ஈரக்குட்டி ஒன்று கத்துகிறது, ஒரு சிறுமி ஓடிப்போய்த் தூக்குகிறாள், என் பாவாடையைத்தான் கட்டியிருக்கிறாள், திரும்பினால் ஜெனிட்டாவின் முகம், வீடுவீடாகக் கிளிப் கேட்டபடி வருகிறாள், எல்லோரும் கொடுக்கிறார்கள், கடைசி வீட்டு வாசலில் நான் நிற்கிறேன், கிளிப்புகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, எங்க வீட்டுல இல்ல, போ, என்கிறேன்.