வாசலில் இறக்கிய பெட்டி

"உங்க ஆளுங்க எந்தப் பஞ்சத்துல கப்பலேறுனாங்க?" வேலைக்கு எடுத்த அன்று ஒப்பந்தக்காரன் ஹார்லன் நோரீனிடம் சிரித்துக்கொண்டே கேட்டான். "இந்தக் கோவில் ஏட்டுப் பெட்டிகளை அயர்லாந்துக் கத்தோலிக்கக் கைதான் தொடணும்."

கையைக் கேட்டான். மூச்சைக் கேட்கவில்லை.

அமெரிக்காவின் மெரிமாக் ஆற்றின்மேல் பனிமூட்டம் விலகுமுன்பே நோரீனும் மற்றவர்களும் கோவில் நிலவறைக்குள் இறங்கிவிடுவார்கள். பழைய ஞானஸ்நான ஏடுகள், கடிதக் கட்டுகள், படங்கள்; எல்லாவற்றையும் துடைத்துக் கணினியில் ஏற்றும் வேலை. தூரிகை பட்டால் பச்சைப் பூஞ்சைத்தூள் எழும்பி நாக்கில் கசக்கும். சன்னல் கிடையாது. காற்றோட்டத்துக்கு விசிறி கேட்டதற்கு ஹார்லன் கூலியைக் குறைத்தான். பக்கத்தில் உட்கார்ந்து துடைக்கும் பெக் இருமுவாள், கைக்குட்டையைப் பார்ப்பாள், மடித்து வைத்துக்கொள்வாள்.

ஒருநாள் அவள் ஒரு படத்தைத் துடைத்து நீட்டினாள். நெசவாலைப் பெண்கள் பனியில் நிற்கிறார்கள். நடுவில் சவப்பெட்டி, பூட்டிய ஆலைக் கதவைப் பார்த்தபடி. செத்தவர் உழைத்த வாசலில் பெட்டியை இறக்கிவிட்டுத்தான் கல்லறைக்குப் போவது அவர்கள் வழக்கம்.

"ஆலை எந்திரத்தோட பெல்ட் இழுத்துச் செத்த பொண்ணுடி," என்றாள் பெக், படத்தின் பின்னால் எழுதியிருந்ததைப் படித்து.

பின்னால் வந்து எட்டிப் பார்த்த ஹார்லனுக்கும் புரிந்தது. "கண்காட்சிக்கு நல்ல படம். கதவை மட்டும் வெட்டிடுங்க. அந்த ஆலை முதலாளியோட கொள்ளுப்பேரன்தான் இந்த வேலைக்குப் பணம் தர்றார்."

"கதவில்லன்னா அவங்க எதுக்கு சார் நிக்கிறாங்க?" என்றாள் நோரீன்.

"ஜெபம் பண்ண. உங்களுக்கு வேறென்ன தெரியும்?"

படங்களைக் கணினியில் ஏற்றும் டெக்லன் பிள்ளைக்குட்டிக்காரன்; தலைகுனிந்தபடி கணினித் திரையில் கதவை வெட்டினான்.

அந்த வாரமே பெக் பெட்டிகளின்மேல் சரிந்தாள். நுரையீரல் முழுக்கப் பூஞ்சை என்றார் மருத்துவர். அவள் செத்ததும், "சிகரெட் குடிச்சிருப்பா," என்றான் ஹார்லன்.

அடக்கத்தன்று டெக்லனை மட்டும் மிரட்டி வேலையில் வைத்துக்கொண்டான். பூசை முடிந்தது. பெண்கள் பெட்டியைச் சுமந்துவந்து நிலவறைக் கதவைப் பார்க்க இறக்கினார்கள்.

ஹார்லன் படியேறி வந்தான். "கல்லறை அந்தப் பக்கம்."

"தெரியும் சார். விசிறி வர்ற வரைக்கும் உள்ள இறங்க மாட்டோம்," என்றாள் நோரீன்.

"நாளைக்கே வேற ஆள் எடுப்பேன்."

"எடுங்க. அவங்களும் மூச்சுதான் விடுவாங்க."

பின்னாலிருந்து அழுகை கலந்த சிரிப்பொன்று எழுந்தது. ஒருத்தியும் நகரவில்லை.

"டெக்லன், கதவைச் சாத்துப்பா," என்றான் ஹார்லன்.

டெக்லன் வந்தான். உடுப்பெல்லாம் பச்சைத்தூள். சாவியைப் படியில் வைத்தான். ஹார்லனைக் கடந்து வெளியே போய், பெக்கின் பெட்டிக்குத் தோள் கொடுக்கக் குனிந்தான்.