கேசட் கடை அண்ணன் சொன்ன முடிவு

1

பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்தபோது இந்தக் கதை தோன்றியது. அந்த இடத்தில் முன்பு வீடியோ கேசட் கடை இருந்தது. கண்டக்டர் இன்றும் "கேசட் கடையெல்லாம் இறங்கு" என்றுதான் கத்துகிறார்.

(முதலில் "எங்கள் புறநகரின் மாலைப் பொழுதுகள்..." என்று தொடங்கினேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

2

கடைக்கார அண்ணன் மூன்று மணி நேர நாடாவில்தான் படங்களைப் பதிவு செய்வார். படம் அதைவிட நீளமென்றால் முடிவு இருக்காது. கேசட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது முடிவை அவரே வாயால் சொல்வார். ஊரே அப்படித்தான் படம் பார்த்தது.

ஒரு படத்தில் நாயகி பெட்டியோடு ரயில் நிலையத்தில் நிற்கிறாள். நாடா தீர்ந்துவிட்டது.

"ஏறினாளா அண்ணே?" என்று இவள் கேட்டாள்.

"இல்லம்மா, வீட்டுக்கே திரும்பிட்டா."

வெளியூர் வேலைக்கான கடிதத்தை இவள் அந்த வாரமே கிழித்துப்போட்டாள். அம்மாவோடு தங்கி இருபத்தைந்து வருடம் ஆகிறது.

(இவள் யார் என்கிறீர்களா? நான்தான். "நான்" என்று எழுதினால் அழுகை வந்து கதை கெட்டுவிடும்.)

3

போன மாதம் அந்தப் படத்தின் பேச்சு வந்தபோது அக்கா போனில் சிரித்தாள். "திரும்பினாளா? ரயில் ஏறிட்டாடி! அண்ணன் சொன்னாரே. அதக் கேட்டுத்தான் நீ பாக்கறதுக்கு முந்தின வருஷம் நானே வேலைக்குக் கெளம்பினேன்."

4

அண்ணன் இப்போது மகனுடைய செல்போன் கடையில் உட்கார்ந்திருக்கிறார்.

"எந்த முடிவு நெசம் அண்ணே?"

"யாருக்குத் தெரியும்? கடைய விட்டுட்டு நான் எப்ப படம் பாத்தேன்? வாய்க்கு வந்ததச் சொல்லுவேன்."

"எங்கிட்டயுமா?"

அவர் தலையைச் சொறிந்தார். "உனக்கு மட்டும் உங்கம்மா சொல்லச் சொன்னாங்க. 'பெரியவ நீ சொன்னதக் கேட்டுப் போயிட்டாப்பா. சின்னவகிட்ட திரும்பிட்டான்னு சொல்லு'ன்னு."

இவளுக்குக் கோபம் வந்தது. கூடவே, அப்படித் தன்னை ஒருத்தி வேண்டுமென்று நினைத்திருக்கிறாளே என்று ஒரு பாழாய்ப்போன சந்தோஷமும்.

5

முடிவு, முதல் முயற்சி: இவள் கேட்கிறாள். அம்மா அழுகிறாள். (சீரியல்.)

இரண்டாவது: இவள் கேட்காமலே மன்னிக்கிறாள். (பொய். அவ்வளவு நல்லவள் இல்லை.)

மூன்றாவது: "எங்கடி போயிருந்த?" என்கிறாள் அம்மா. "கேசட் கடை அண்ணனப் பாக்க." அம்மா டிவி சத்தத்தைக் குறைக்கிறாள். பிறகு

பிறகு என்ன? எனக்குத் தெரியாது. அம்மா பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் இன்னும் கேட்கவில்லை. நீங்களாக இருந்தால் கேட்பீர்களா?