பச்சைக் கன்னம்

கம்ப்யூட்டர் திரையில் எழிலுடைய அப்பாவின் பச்சைக் கன்னத்தை அச்சக டிசைனர் சாம்சுந்தர் அழித்துக்கொண்டிருந்தார். மவுசை ஒருமுறை இழுத்தால் ஒரு விரல் அகலத்துக்கு மாநிறம் வந்தது. எழில் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

திருத்தங்கலில் இந்த அச்சகத்துக்குத்தான் அப்பா பாண்டிராஜ் பட்டாசுப் பெட்டிகளுக்குப் படம் வரைந்து கொடுத்தார். விடிகாலையில் இறந்துவிட்டார். சாயங்காலம் உடலை எடுப்பதற்குள் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒட்டியாக வேண்டும். போட்டோவுக்கு நிற்காத மனிதர். இருந்தது அவரே வரைந்த தன் முகம் மட்டும்: ஒரு கன்னம் பச்சை, மறு கன்னம் ஆரஞ்சு, மீசை நீலம். அதை மடியில் வைத்துக்கொண்டு ஊரிலிருந்து பஸ்ஸில் வந்தபோது ஆமத்தூர்க் கருவேலங்காடு எழிலுக்குச் சிவப்பாகத் தெரிந்தது. அது அவளுக்கு ஆச்சரியமாகவும் இல்லை.

“பச்ச மூஞ்சிய ஒட்டுனா ஊரு சிரிக்கும் தம்பி,” என்றார் சித்தப்பா உக்கிரபாண்டி. “உசுரோட இருக்கையிலயே எங்கண்ணன கிறுக்கன்னாக. செத்தும் கேக்கணுமா?”

போன மாதம் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து எழில் ஒரு புத்தகத்தை வாசித்துக் காட்டினாள். நூறு வருஷத்துக்கு முன்னால் பாரிஸில் சில ஓவியர்கள் மரத்தைச் சிவப்பாகவும் முகத்தைப் பச்சையாகவும் தீட்டினார்கள். அவர்களைக் காட்டு மிருகங்கள் என்று மற்றவர்கள் ஏசினார்கள். ஏசிய பெயரே அவர்களுக்கு நிலைத்துவிட்டது. அப்பா கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். “அவுகளுக்கும் ஒரு உக்கிரபாண்டி இருந்திருப்பான் போல,” என்றார்.

சாம்சுந்தர் ஆரஞ்சையும் நீலத்தையும் மாற்றிவிட்டு, கடைசிப் பச்சையையும் அழித்தார்.

“உடம்புக்குக் கோட்டு போடவா, சபாரி போடவாண்ணே? ரெண்டும் ரெடியா இருக்கு. எல்லாருக்கும் இதத்தான் மாட்டுவோம்.”

“கோட்டே போடுங்க,” என்றார் சித்தப்பா.

கோட்டும் டையும் வந்து கழுத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டன. மாநிறத்தில் ஒருவர் மூவரையும் பார்த்தார்.

“சித்தப்பா, இது யாரு?” என்றாள் எழில்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பக்கத்து அறையில் காலண்டர் தாள்கள் சரசரவென்று விழுந்துகொண்டிருந்தன.

“பேங்க் மேனேஜரு செத்த மாதிரில்ல இருக்கு,” என்றார். திரையைக் காட்டி, “கோட்டக் கழட்டுங்க தம்பி.”

சாம்சுந்தர் கழற்றினார்.

“மூஞ்சியையும்... அவரு வச்சபடியே விட்ருங்க.”

“சிரிப்பாகளே, சித்தப்பா.”

“சிரிக்கட்டும் தாயி.”

காலண்டர் அச்சை நிறுத்திவிட்டு மெஷினில் இதை ஏற்றினார்கள். முதல் தாள் மை காயாமல் வந்தது. காய்ச்சல் பார்ப்பவர்போலச் சித்தப்பா அந்தப் பச்சைக் கன்னத்தில் கை வைத்தார். விரல்களில் ஒட்டிய மையை அவர் துடைக்கவில்லை.

ஆமத்தூரில் கொட்டுக்காரர்கள் காத்திருந்தார்கள். தூக்குவதற்கு முன் சித்தப்பா குனிந்து அண்ணன்மேல் கிடந்த கோடித்துணியை நெஞ்சுவரை இழுத்துவிட்டார். வெள்ளைத் துணியில் நான்கு விரல்கள் பச்சையாகப் பதிந்தன. தங்கத்தாய் அத்தை முந்தானையை நனைத்துக்கொண்டு துடைக்க வந்தாள்.

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கொட்டு தொடங்கிய பிறகும் விடவில்லை.