மூன்றாவது கேபிள்

மூன்றாவது தடவையாக ஸ்பீக்கர் கேபிள் மாற்றப் போகிறேன் என்று என் அக்கா வீட்டுக்காரர் புருஷோத்தமன் போன் செய்தபோது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நாகரிகமாக வேறு வார்த்தை போட்டுச் சொல்லலாம்தான், ஆனால் வந்தது அதுதான். நான் எலக்ட்ரீஷியன். முப்பது வருஷமாகக் கம்பியோடு குடித்தனம் நடத்துகிறவன். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் ஐந்தடி தூரம். சிவப்பும் கறுப்பும் ஒட்டிய சாதாரணச் செம்பு ஒயர் பத்தடி வாங்கினால் வேலை முடிந்தது. முதலில் அதைத்தான் போட்டுக் கொடுத்தேன். "மேல போனா சத்தம் காணாம போயிடுது ஆதிமூலம்" என்றார் மாமா. அவராகவே போய் விரல் மொத்தத்தில் இன்னொன்றை வாங்கி வந்தார். அதிலும் காணாமல் போனது.

காணாமல் போனது சிந்துஜாவின் புல்லாங்குழல். மாமாவுக்கு ஒரே மகள், சென்னையில் ஒரு குழுவில் வாசிக்கிறாள். முதல் தடவையாகத் தனியாக வாசித்துப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். மாமா அதைப் போனில் கேட்டுவிட்டுச் சரியில்லை என்றார். அதற்காகத்தான் இந்த ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம். அடுத்த வாரம் அவள் ஊருக்கு வருகிறாள். "எப்படிப்பா இருந்துச்சுன்னு கேப்பா. முழுசா கேக்காம என்னத்த சொல்றது?" என்பதுதான் மனுஷனுக்குக் கவலை.

மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போன கடை, காந்தி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருந்தது. ஏசி குளிரில் ஊதுபத்தி நாற்றம். கடைக்காரன் தமிழ்மாறன் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வெல்வெட் பெட்டியைத் திறந்தான். நகைக்கடையில் ஆரத்தை எடுப்பது போல கேபிளை எடுத்தான்.

"இது ஆக்சிஜன் இல்லாத செம்பு சார். மேல வெள்ளிப் பூச்சு. அம்புக்குறி பாருங்க, இந்தப் பக்கமாத்தான் சத்தம் போகணும். நூறு மணி நேரம் ஓடினாத்தான் பழகும். தரையில படக்கூடாது, அதுக்குக் கட்டை தனியா இருக்கு."

கட்டை என்பது உள்ளங்கை அளவு தேக்குத் துண்டு. எட்டுத் துண்டை வரிசையாக வைத்து அதன்மேல் கேபிளைக் கிடத்த வேண்டுமாம். சீ என்றிருந்தது. கரண்டுக்குக் கால் வலிக்கும் என்று சொல்கிற ஆளை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். விலையைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

மாமா அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இருபத்தாறு வருஷம் மில்லில் தறி ஓட்டிய மனுஷன், கண்டவன் வாயையா இப்படிப் பார்ப்பது?

தமிழ்மாறன் ஒரு பாட்டைப் போட்டான். மாமா நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பாட்டு ஓய்ந்தது. அடுத்ததற்காக அவர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால், இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு, குரலைக்கூடத் தணிக்காமல் தமிழ்மாறன் என்னிடம் சொன்னான்.

"எந்தக் கேபிள் போட்டாலும் அவருக்கு ஒண்ணுதாண்ணே. பின்னாடி நின்னு பேசினா அவருக்குக் கேக்காது. போன தடவையே கண்டுபிடிச்சிட்டேன். அவருக்குச் சந்தோஷம், நமக்கு வியாபாரம். உங்களுக்கும் ஏதாவது பாத்துப் பண்றேன்."

மாமா திரும்பவில்லை. தோள்கூட அசையவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தறி ஷெட்டுக்குள் முந்நூறு தறி ஒன்றாக ஓடும். பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார்கள், மிச்சத்துக்குக் கைஜாடை. நானும் அதே மில்லில் எலக்ட்ரிகல் செக்‌ஷனில் இருந்தவன், அந்த ஜாடையெல்லாம் எனக்கும் தெரியும். வருஷக்கணக்கில் அந்த இரைச்சலில் நின்ற காதில் மேல் ஸ்தாயிதான் முதலில் செத்துப்போகும். மில்லை மூடினாலும் பழக்கம் போகாது. முகத்தைப் பார்த்துப் பேசினால் பளிச்சென்று பதில் சொல்வார்கள். எது காது வழியாக வந்தது, எது கண் வழியாக வந்தது என்று அவர்களுக்கே தெரியாது. பதிவு செய்த குழலுக்கு உதடு ஏது?

நான் அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. மாமா கார்டை நீட்டினார், நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். அவனைவிட என்னை நினைத்துத்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

முதலியார்பேட்டை வீட்டுக்கு வந்து கட்டைகளை வரிசையாக வைத்துக் கேபிளைக் கிடத்தினேன். தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையல்கட்டுக்குப் போனேன். அக்கா பாக்கியலட்சுமி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமாவுக்குக் காது போயிருக்கு. உனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாம என்ன? பதினஞ்சு வருஷமாச்சு. திட்டணும்னா பின்னாடி நின்னு மனசாரத் திட்டிட்டு வந்துடுவேன். வீட்டுல ஒரு சண்டை கிடையாது." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"அவர்கிட்ட சொல்லலியா?"

"சொன்னா ஒடிஞ்சு போயிடுவாரு. கேபிள்தானே, வாங்கிட்டுப் போறாரு வுடு."

அவனுக்கு வியாபாரம், இவளுக்கு வசதி. என் கூடப் பிறந்தவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கூடத்துக்கு வந்து குழலைப் போட்டேன்.

கீழ் ஸ்தாயியில் வாசிக்கிறவரை மாமா தலையாட்டினார். குழல் மேலே ஏறியது. எனக்கு உடம்பு சிலிர்த்தது, அவ்வளவு சுத்தமாக வாசித்திருந்தாள் பெண். மாமாவின் தலை அப்படியே நின்றுவிட்டது. கண் கேபிளின்மேல் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடியது. பிறகு என் வாயைப் பார்த்தார்.

"இப்ப வருதுல்ல?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகளிடமும் அதையே சொல்லிச் சமாளித்துவிடுவார். எனக்கு வாய் வரவில்லை. கைதான் வந்தது. ஷெட்டில் இழை அறுந்தால் ஒரு ஜாடை காட்டுவார்கள். இரண்டு ஆள்காட்டி விரலையும் நுனியோடு நுனி ஒட்டி, பட்டென்று பிரித்து, எந்தத் தறியோ அந்தத் தறியைக் காட்ட வேண்டும். விரலைப் பிரித்தேன். கேபிளைக் காட்டவில்லை. அவர் காதைக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். பிறகு பழைய வழக்கப்படி ஒரு விரலைத் தூக்கினார், அதோடு இன்னொன்றையும் தூக்கினார். ஒரு காதா, இரண்டுமா? நான் இரண்டு விரலைக் காட்டினேன்.

எழுந்துபோய்ப் பாட்டை நிறுத்தினார். அக்கா சமையல்கட்டு வாசலில் வந்து நின்றிருந்தாள். அவளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாக்கியம், நீ ஏதாவது சொல்லு."

பதினைந்து வருஷமாக அந்த முதுகிடம் என்னென்னவோ சொன்னவள் அன்று வாயே திறக்கவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். மாமா சுவரைப் பார்த்தபடி பொறுமையாகக் காத்திருந்தார்.

"சொல்லிட்டியா?" என்று கேட்டார்.