கடைசி பேட்ச்

நேசமலரின் கையில் ஸ்க்ரூட்றைவர் வழுக்கியது. கீழே படிகளில் பூட்ஸ் சத்தம்.

"கெதியா, பிள்ளை! ஆமி இரண்டாம் மாடிக்கு வந்திட்டுது!" நாகேஸ்வரி கதவில் காதை ஒட்டியபடி பதறினாள். அவளுடைய வெள்ளவத்தை ஃபிளாட்டில் நேசமலருக்கு ஓர் அறை.

விடியற்காலைச் சுற்றிவளைப்பு புதிதல்ல. மேசையில் கிடந்த பெட்டிதான் வில்லங்கம். பற்றரி, வயர், ரிலே, மிதவை, ஒரு பெல். மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி நிறைந்தால் பெல் அடிக்கும், அவ்வளவுதான். ஆனால் யாழ்ப்பாணத்துப் பெட்டையின் அறையில் அதைக் கண்டால் ஆமிக்காரன் வேறு பெயர் வைப்பான்.

அதைக் காட்டித்தான் ஒன்பது மணிக்குக் கொட்டாஞ்சேனையில் இறுதிச் செய்முறைப் பரீட்சை. அரசாங்கம் ஃபீஸ் கட்டி, மாதாமாதம் கைச்செலவும் தந்து படிப்பித்த மின்வேலைக் கோர்ஸ். பாஸ் பண்ணினால் மாளிகாவத்தை ஷரீப் நானாவின் மோட்டர் பட்டறையில் வேலை. பாஸ் பண்ணாவிட்டால் வடக்கே திருப்பி அனுப்பும் வவுனியா ரயில். பொலிஸ் பதிவில் அவள் கொழும்பில் தங்க எழுதியிருந்த ஒரே காரணம், படிப்பு.

வயர் உடுப்புக் கொடிக்குப் போனது. ரிலே அரிசி வாளிக்குள். மிதவை குளியலறை வாளிக்குள். பற்றரி ரேடியோவுக்குள். பெல்லை நாகேஸ்வரி பறித்துக்கொண்டு குசினிக்குள் ஓடினாள்.

கதவு அதிர்ந்தது.

இரண்டு ஆமிக்காரர், ஒரு பொலிஸ்காரர். கட்டிலைப் புரட்டினார்கள். அலுமாரியைக் கொட்டினார்கள். ஒருவன் அரிசி வாளிக்குள் கையை விட்டான்.

"மாத்தயா, சாப்பிடுற அரிசி" என்று நாகேஸ்வரி சிங்களத்தில் குழைந்தாள். "இவ என்ர மருமகள். அரசாங்கக் கோர்ஸ் படிக்கிறா. இண்டைக்குச் சோதனை."

மருமகளாவது! போன வருஷம் பேப்பர் விளம்பரம் பார்த்து வந்த வாடகைக்காரி. பொலிஸ்காரர் அடையாள அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். புரட்டினார். திருப்பிக் கொடுத்தார்.

பூட்ஸ் சத்தம் மேலே ஏறியது. நேசமலர் கொடிக்குப் பாய்ந்தாள்.

"நீ வெளிக்கிடு, நான் கட்டித்தாறன்." சாமான்களைத் திரட்டிச் சாப்பாட்டுப் பார்சலோடு பையில் போட்டு, வாயையும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள் நாகேஸ்வரி. "எல்லாம் கிடக்கு. ஓடு!"

காலி வீதியில் பஸ் நகர்ந்தால்தானே? பம்பலப்பிட்டியில் எல்லோரையும் செக் பண்ண இறக்கினார்கள். கொள்ளுப்பிட்டியில் மறுபடி. சோற்றுப் பார்சலை முகர்ந்த ஆமிக்காரன் முகத்தைச் சுளித்துப் போகச் சொன்னான். கோட்டையில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திராமல் ஓடினாள்.

கோர்ஸ் பட்டறை வாசலில், கூடப் படிக்கும் பிறிஜெற் கையைப் பிடித்து இழுத்தாள். "எங்கயடி போனனி? உன்ர பெயரை ரெண்டு தரம் கூப்பிட்டாச்சு!"

நேசமலர் முடிச்சை அவிழ்த்தாள். ரிலே. வயர். பற்றரி. மிதவை. பையைக் கவிழ்த்தாள். சோறுதான் விழுந்தது.

பெல் இல்லை.

"என்ரைய எடு" என்றாள் பிறிஜெற்.

"ஆள் ஆளுக்குச் சொந்தச் சாமான்" என்றார் பரீட்சை எடுக்கும் ஹியூபேட் சேர், நிமிராமலே.

"சேர், இண்டைக்கு எங்கட பக்கம் ரவுண்டப். அடுத்த பேட்சோட செய்யட்டே?"

நேசமலர் இப்படிக் கேட்டதும்தான் நிமிர்ந்தார். "எந்த அடுத்த பேட்ச்? நேற்றுத்தான் அறிவிச்சவங்கள். வாற வருஷம் எங்களுக்குச் சல்லி இல்லையாம், எல்லாம் சண்டைக்கு. நீங்கள்தான் கடைசி. பன்னிரண்டு மணிக்குப் பட்டறை பூட்டு."

நேசமலர் வயரை முறுக்கத் தொடங்கினாள். பெல்லுக்கு எங்கே போவது? கரண்ட் வெட்டுக் காலத்திலிருந்து ஹேண்ட்பேக்கில் கிடந்த ரோர்ச் லைட் ஞாபகம் வந்தது. அதை உடைத்தாள். பல்ப்பை இழுத்து, பெல் இருக்கவேண்டிய இடத்தில் பொருத்தினாள்.

சேர் வாளியில் தண்ணீர் ஊற்றினார். மிதவை ஏறியது. இன்னும் ஏறியது. ஒன்றும் நடக்கவில்லை.

டக்!

பல்ப் எரிந்தது.

"பெல் எங்க?"

"பக்கத்து வீட்டுக்காரர் நித்திரை கொள்ள வேணுமே, சேர்."

பிறிஜெற் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சேர் சிரிக்கவில்லை. "தண்ணி நிறைஞ்சா வீட்டுக்காரனுக்குத் தெரிய வேணும். தெரியுது." பேனையைத் திறந்தார். "பாஸ். போய்ச் சாப்பிடு."

சாப்பிடவில்லை. ஷரீப் நானாவைப் பார்த்து, அவர் திங்கட்கிழமை வேலைக்கு வரச்சொன்ன பிறகுதான் நெஞ்சு அடங்கியது.

ஃபிளாட் கதவைத் திறந்த நாகேஸ்வரி முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"பரவாயில்லை, பிள்ளை. அடுத்த பேட்சில செய்யலாம்தானே?"

நேசமலர் வாசலிலேயே நின்றாள். சோதனையைப் பற்றித் தான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே.

"நான் பெயில் எண்டு ஆர் சொன்னது, அன்ரி?"

நேசமலர் குசினிக்குள் நுழைந்தாள். சுவர்த் தட்டில் இருந்த டின்களை ஒவ்வொன்றாகக் குலுக்கினாள். பால்மா டின் கிணுங்கியது.

"அடுத்த பேட்ச் இல்லை, அன்ரி. கோர்ஸையே மூடப்போறாங்கள். இண்டைக்கு நான் பெயில் எண்டால் நாளைக்கு வவுனியா." பெல்லை மேசையில் வைத்தாள். "பாஸ் பண்ணிட்டன். இப்ப சொல்லுங்கோ. ஏன்?"

நாகேஸ்வரி கதிரையில் உட்கார்ந்தாள். கனடா விசாவுக்காகக் காத்திருந்து காத்திருந்து கறுத்த முகம்.

"மூடுவாங்கள் எண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை. இன்னும் ஆறு மாதம் நீ படிச்சாப் போதும், அதுக்குள்ள விசா வந்திடும் எண்டுதான் நினைச்சனான்." மேசையில் இருந்த பெல்லைத் தள்ளி வைத்தாள். "நான் ஏன் கொழும்பில இருக்கிறன் எண்டு பொலிஸில எழுதிக் குடுத்தது என்ன தெரியுமே? கோர்ஸ் படிக்கிற மருமகளுக்குச் சமைச்சுப் போட."