தாய்மாமன் கொண்டுவந்த தங்க ஊசி

“அந்த ஊசியை உள்ள வைங்க!”

கயல்விழியின் அதட்டலில் டாட்டூ கடையே திரும்பிப் பார்த்தது. எதிரே நின்ற பொங்கியண்ணன் அசரவில்லை. அவர் விரல்களுக்கிடையே தங்க ஊசி ஒன்று மின்னியது.

“ஏனுங்க அம்மணி, மஞ்சத்தண்ணியில கழுவுன ஊசிங்க இது. என்ற அக்கா மவ இவளுக்குக் காது குத்துனப்பவும் தாய்மாமன் சீரா நாந்தான் ஊசி கொண்டாந்தேன். பச்சை குத்தறதுக்கும் மொதக் குத்து என்ற ஊசியிலதான் விழோணும்.”

நாற்காலியில் மணிக்கட்டை நீட்டியிருந்த நந்திதா நெளிந்தாள். “மாமா, மானம் போகுது!”

கயலுக்கோ வந்த வாய்ப்பே போகவிருந்தது. மாதக்கணக்கில் ரப்பர் தோலில் கோடு போட்டுப் பழகியவளுக்கு உயிருள்ள தோல் இன்றுதான் முதல்முறை. “சரியா வந்தா ரெண்டாவது நாற்காலி உன்னுது. கஸ்டமர் எந்திரிச்சுப் போனா திரும்பவும் ரப்பர்தான்” என்று காலையிலேயே சொல்லிவிட்டான் முதலாளி ரூபன். இப்போது சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

“தங்கமோ வைரமோ, சீல் உடைக்காத ஊசிதாங்க தோலுக்குள்ள போகும். மஞ்சத்தண்ணிக்கெல்லாம் கிருமி சாகாதுங்க.”

“அப்ப வேற கடை பாத்துக்கறோமுங்க. கெளம்பு கண்ணு!”

நந்திதா தயங்கித் தயங்கி எழுந்தாள். ‘சரிங்க, ஒரே ஒரு குத்து’ என்றால் போதும், நாற்காலி கையில். கயல் அதைச் சொல்லவில்லை.

“தாய்மாமன் கையால ஊசி வரோணும். அவ்வளவுதானுங்களே?”

டிராயரைத் திறந்தாள். நந்திதா கேட்டது காங்கேயம் காளையின் கொம்புகள். இரண்டே வளைவு. மூன்று ஊசிகளைச் சேர்த்த மெல்லிய கட்டு, பழகாத கையில் பிளேடு மாதிரி தோலைக் கீறிவிடும். ஐந்து ஊசிக் கட்டை எடுத்தாள். தேதி பார்த்தாள், சீல் பார்த்தாள், நீட்டினாள்.

“கவரை நீங்க பிரிங்க. ஊசியை நான் எடுத்துக்கறேன்.”

பொங்கியண்ணன் பிரித்தார். பிரித்த கையோடு நுனியைக் கட்டைவிரலால் தடவினார்.

“கூரு இருக்குதான்னு பாத்தேனுங்க.”

ஊசி குப்பை டப்பாவுக்குள் விழுந்தது.

“அட, புது ஊசிங்க!”

“உங்க கை பட்டுதுல்லங்க? பழசாயிருச்சு.”

நந்திதா சிரித்தேவிட்டாள். திரும்ப உட்கார்ந்தாள்.

அடுத்த கவரைத் தாம்பூலத் தட்டு ஏந்துவதுபோல் இரு கையாலும் பிடித்து, ஓரத்தை மட்டும் உரித்து நீட்டினார் பொங்கியண்ணன். கயல் புதுக் கையுறையோடு ஊசியை எடுத்தாள், மெஷினில் பொருத்தினாள்.

மெஷின் உறுமியது.

தோலை இழுத்துப் பிடித்தாள். ஆழமாக இறங்கினால் மை பரவிவிடும், மேலாக ஓடினால் நிற்காது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் வளைவு. துடைத்தாள்.

கோடு நின்றது! நடுக்கமில்லை, மை கசியவில்லை. இரண்டாவது வளைவு அதைவிட வேகமாக வந்தது. அவளுக்கே சிரிப்பு முட்டியது.

பொங்கியண்ணன் குனிந்து பார்த்தார். “கொம்பு நம்ம பட்டியில நிக்கறாப்பல நிக்குதுங்க! ஆருகிட்ட கத்துக்கிட்டீங்க?”

கயல் பதில் சொல்லுமுன் கண்ணாடிக் கதவு திறந்தது. கல்லூரிப் பையன் ஒருவன் தலையை நீட்டினான்.

“அண்ணா, டாட்டூ போடணும். ஆர்டிஸ்ட் நீங்கதானே?”

ரூபன் நிமிர்ந்து, சட்டையை நீவிவிட்டுக்கொண்டான்.

“ரெண்டு பேர் இருக்கோம் தம்பி. இரு, மேடம் ஃப்ரீயான்னு கேட்டுச் சொல்றேன்.”